புனிதர் சரிதமும் 'பொய்' என்ற தீர்ப்பும்

பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1969 ஆம் ஆண்டு பெப்ரவரி 14 ஆந் திகதி விடுத்த ஆணையின்படி உரோமைத் திருச்சபையின் பொதுத் திருநாட்காட்டி திருத்தி அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் முதல் நாளிலே நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், பல நூற்றாண்டுகளாகக் கொண்டாடப்பட்டு வந்த புனிதர் சிலரின் நாட்களைப் பொதுக் காட்டியினின்றும் அகற்றியது. டிசம்பர் 4 இல் நினைவுகூரப்பட்ட பார்பரம்மாள், நவம்பர் 25 இல் நினைவுகூரப்பட்ட அலெக்சாந்திரியாவின் கத்தரீனம்மாள், செப்டெம்பர் 20 இல் நினைவுகூரப்பட்ட எஸ்தாக்கியார் ஆகியோர் அவ்வாறு அகற்றப்பட்டோருட் குறிப்பிடத்தக்கவர். ஜூலை 25 க்குரிய கிறிஸ்தோப்பரின் நாள் தலத் திருச்சபைகளின் விருப்புக்கு விடப்பட்டது. இவர்கள் புனிதர் அல்லர் என்று உரோமை சொல்லவில்லை. இவர்தம் சரிதங்களுக்குப் போதிய வரலாற்று ஆதாரம் இல்லை என்பதே அதன் நிலைப்பாடு. கத்தரீனம்மாளின் நாள் 2002 இல் மீண்டும் காட்டியில் இடம்பெற்றது. ஆயினும், கற்றறிந்தோர் மத்தியிலே அந்நடவடிக்கை வேறொரு பொருள் பெற்றது. பழைய புனிதர் சரிதங்கள் பொய், ஆகவே அவை கைவிடத்தக்கவை என்ற தீர்ப்பாகவே அது விளங்கிக்கொள்ளப்பட்டது.

இத்தீர்ப்பை வழங்குவோர் ஒரு முகாமைச் சேர்ந்தவரல்லர் என்பது கவனிக்கத்தக்கது. பகுத்தறிவு பேசுவோர், புனிதர் சரிதம் யாவும் மதகுருமார் பாமரரை ஏய்ப்பதற்குப் புனைந்தவை என்பர். சீர்திருத்தம் விரும்பும் கத்தோலிக்கரோ, விஞ்ஞான யுகத்திலே இக்கதைகளைச் சொல்லுதல் சமயத்துக்கு இழுக்கு என்று நாணுவர். இலக்கிய வரலாற்றாசிரியர், இவை மேனாட்டிலிருந்து இறக்குமதியானவை, தமிழ் மரபுக்குப் புறம்பானவை என்று ஓரிரு வரிகளில் ஒதுக்கிவிடுவர். ஒருவரையொருவர் கடுமையாக எதிர்க்கும் இம்மூவகையினரும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர். அக்கதைகளைச் சொன்னவரும் பாடியவரும் ஆடியவரும் கேட்டவருமாகிய மக்கள், இம்மூவர் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. ஏமாற்றப்பட்டோர், அறியாதோர், இரவல் வாங்கியோர் என்று பெயர்கள் வேறுபடலாம். கதையை ஆக்குவதில் அம்மக்களுக்கும் பங்குண்டு என்பதை மூவருமே ஏற்பதில்லை. தீர்ப்பின் தவறு இங்கேதான் இருக்கிறது.

வரலாற்றாய்வை இழித்துரைப்பது அறிவுடையோர் செயலாகாது. புனிதர் சரிதங்களை ஆதாரங்கொண்டு சோதிக்கும் பணியைத் தொடங்கியவர்கள் திருச்சபையின் பகைவரல்லர். இயேசு சபைத் துறவிகளே. யோன் பொலாந்து என்பாரின் பெயரால் பொலாந்தியர் எனப்படும் அக்குழுவினர், புனிதர் சரிதத் தொகுதியின் முதலேடுகளை 1643 இல் அன்ற்வேர்ப் நகரிலே வெளியிட்டனர். கார்மேல் சபையை எலியாஸ் தீர்க்கதரிசியே நிறுவினார் என்ற மரபை அக்குழுவைச் சேர்ந்த பாப்பெப்புரோக்கு ஏற்க மறுத்ததனால், அவர்தம் நூல்களை 1695 இல் ஸ்பானிய விசாரணைமன்றம் கண்டனம் செய்தது. உண்மையை நாடியதற்காகத் தம் திருச்சபைக்குள்ளேயே இடருற்றவர்கள் அவர்கள். அக்குழுவின் பிற்கால அறிஞரான தெலெயே, 1905 இல் வெளியிட்ட நூலிலே புனிதர் கதைகள் எவ்வாறு தோன்றுகின்றன, எவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்று கடன்பெறுகின்றன, மக்கள் கற்பனை அவற்றை எவ்வாறு வளர்க்கின்றது என்பவற்றை விரிவாக ஆராய்ந்தார்.

ஆயின் ஆவணச் சோதனை என்பது ஒரு குறித்த வினாவுக்கே விடை தரவல்லது. அப்புனிதருக்கு என்ன நிகழ்ந்தது என்பதே அவ்வினா. அக்கதையைச் சொன்னோருக்கு என்ன நிகழ்ந்தது, எதனால் அவர்களுக்கு அக்கதை வேண்டியிருந்தது என்னும் வினா அச்சோதனையால் தீர்வதன்று. முதல் வினாவுக்கு 'தெரியவில்லை' என்று விடை வந்தவுடன் இரண்டாம் வினாவையும் சேர்த்து மூடிவிடுவது அறிவின் சோம்பலேயாகும்.

ஆவணம் யாரிடம் இருக்கிறது என்பதையும் சிந்தித்தல் வேண்டும். தொடக்க நூற்றாண்டுகளிலே புனிதர் எனப்பட்டோரை எந்த மன்றமும் தெரிவு செய்ததில்லை. வேதசாட்சி புதைக்கப்பட்ட இடத்திலே ஆண்டுதோறும் மக்கள் கூடினர், அக்கூட்டமே திருநாளாயிற்று. பாப்பரசர் ஒருவர் முறைப்படி புனிதராகப் பிரகடனம் செய்ததற்கு அறியப்பட்ட முதற் சான்று 993 இல் ஒக்ஸ்பேர்க்கு ஆயர் உல்றிக்குக்கு வழங்கப்பட்டதாகும். 1588 இல் இதற்கெனத் தனிப் பேராயம் நிறுவப்பட்டது. எட்டாம் உர்பன் பாப்பரசர் 1634 வரையில் விடுத்த விதிகளால் அதிகாரம் முழுவதும் உரோமையின் கையிற் குவிந்தது. விசாரணை, சாட்சியம், எழுத்துமூல ஆதாரம், அற்புதங்களின் பரிசீலனை எனப் படிகள் பெருகின. நீண்ட விசாரணையை நடத்துவதற்குக் காலமும் பணமும் செல்வாக்கும் நிலையான அமைப்பும் வேண்டும். இவை துறவற சபைகளிடமும் அரச குடும்பங்களிடமும் இருந்தன. வலை இழுப்பவரிடமும் கூலிக்கு உழுபவரிடமும் இருக்கவில்லை. ஆகவே, பெருந்தொகையான வேதசாட்சிகளின் கூட்டங்களை ஒதுக்கிவிட்டு நோக்கின், பிற்காலப் புனிதருட் பெரும்பாலோர் சபை நிறுவுநராகவும் ஆயராகவும் துறவியராகவும் இருத்தல் தற்செயலன்று. ஆதாரமுள்ள புனிதரை மட்டும் கொள்க என்னும் விதி நடுநிலையான விதிபோலத் தோன்றும். நடைமுறையில் அது எழுத்தும் செல்வமும் உடையோரின் பக்கமே சாய்வது.

காட்டியிலிருந்து அகற்றப்பட்ட எஸ்தாக்கியாரின் கதை இதனை நன்கு புலப்படுத்தும். உரோமைப் பேரரசன் திராயானின் படைத்தலைவன் பிளாசிது. வேட்டையாடச் சென்றவிடத்து அவன் துரத்திய கலைமானின் கொம்புகளுக்கிடையே சிலுவை தோன்றிற்று. அவனும் மனைவியும் மக்கள் இருவரும் திருமுழுக்குப் பெற்றனர். பெற்ற நாள் தொட்டுத் துன்பம் தொடர்ந்தது. நோயால் ஏவலாளர் மாண்டனர், உடைமையெல்லாம் போயிற்று. எகிப்துக்குக் கப்பலேறியபோது, கூலி கொடுக்க வழியில்லாமையால் கப்பல் தலைவன் மனைவியைப் பிடித்து வைத்துக்கொண்டான். பிள்ளைகளுடன் ஆற்றைக் கடந்தான். ஒருவனை அக்கரையில் விட்டு மற்றவனுக்காகத் திரும்பி நடு ஆற்றில் நின்றபோது, இருகரையிலும் விலங்குகள் பிள்ளைகளைக் கவ்விச் சென்றன. படைத்தலைவனாக இருந்தவன் ஒரு சிற்றூரிலே வயற் காவற்காரனாகப் பதினைந்து ஆண்டுகள் கூலிக்கு உழைத்தான். பின்னர்ப் போருக்கு மீண்டும் அழைக்கப்பட்டு, மனைவியையும் பிழைத்திருந்த மக்களையும் கண்டு சேர்ந்தான். வெற்றிவிழாவிலே தேவர்களுக்குப் பலியிட மறுத்தமையால், அதிரியான் மன்னன் ஆணைப்படி நால்வரும் வெண்கல எருதினுள் இட்டு எரிக்கப்பட்டனர்.

இவ்வாறு ஒருவர் வாழ்ந்தமைக்கு நம்பத்தகுந்த சான்று எதுவுமில்லை. அவ்வாறாயின், யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்க மக்கள் எஸ்தாக்கியார் நாடகத்தைப் பேணியது ஏன்? கதையின் உறுப்புகளை மீண்டும் எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். கப்பற் கூலிக்காக மனைவி பறிபோவது, கடனாளியான குடும்பம் அறிந்த அச்சமாகும். நீரின் நடுவே நின்று இருகரையிலும் உள்ளவற்றை இழத்தல், கடலை நம்பி வாழ்வோர் அறிந்த துயரமாகும். உயர்நிலையில் இருந்தவன் பிறர் வயலைக் காத்து நிற்பது, உலக நிலையாமையை மட்டுமன்றி, கூலிக்காரனும் ஒருகால் தலைவனாக இருந்திருக்கலாம், இனியும் ஆகலாம் என்பதையும் உணர்த்துவது. திருநாளை ஒட்டி இராமுழுதும் ஆடப்பட்ட கூத்திலே இத்தகைய கதையைக் கண்ட மக்கள் திராயானின் ஆட்சியாண்டைக் கணக்கிட்டுக்கொண்டு இருக்கவில்லை. பிரிவுப் புலம்பல் பாடப்படுகையில் அழுதவர்கள் தம்முடைய இழப்புகளுக்கே அழுதனர். அவ்வழுகை பொய்யன்று. வரலாற்றாசிரியருக்கு ஆவணம் வேண்டுமாயின், அக்கதை எஸ்தாக்கியாரைப் பற்றிய ஆவணமாகாவிட்டாலும் அதனை ஆடியவரைப் பற்றிய ஆவணமாகும்.

இது மேனாட்டு இறக்குமதி எனக் கூறுவோர் இன்னொன்றையும் கருதவேண்டும். மனைவியையும் மகனையும் இழந்து சுடலை காக்கும் அரிச்சந்திரன் கதையைத் தமிழ் மேடை நன்கறியும். மனைவி மக்களையே தானமாக ஈந்த வெசந்தர மன்னனின் கதையைச் சிங்கள மக்கள் அறிவர். அறத்தின்பொருட்டு அனைத்தையும் இழந்து, சோதனையின் முடிவில் மீளப்பெறும் மனிதன் இம்மண்ணிலே அந்நியனல்லன். எஸ்தாக்கியார் கதையின் மான் நிகழ்ச்சி நிக்குரோதமிக சாதகம் போன்ற பௌத்த சாதகக் கதைகளுடன் தொடர்புடையதாகலாம் என ஆய்வாளர் சிலர் கருதியுள்ளனர். அதனை மறுத்தோரும் உளர். அவ்விவாதம் எவ்வாறு முடியினும், கீழைத்தேயக் கதை மேலைத்தேயப் புனிதராக மாறியமைக்கு ஐயத்துக்கிடமற்ற வேறொரு சான்று உண்டு.

நவம்பர் 27 ஆந் திகதிக்குரியோராக உரோமை வேதசாட்சிப் பட்டியலிலே பர்லாம், யோசபாத் என்னும் இருவர் குறிக்கப்பட்டிருந்தனர். யோசபாத் இந்திய அரசகுமாரன். அவன் துறவியாவான் என்று சோதிடர் சொன்னதனால் தந்தை அவனை அரண்மனையில் அடைத்து இன்பங்களாற் சூழ்வித்தான். வெளியே சென்றபோது அவன் நோயாளியையும் முதியவனையும் கண்டான், மரணம் உண்டென அறிந்தான், அரசு துறந்தான். இலங்கையிலே பள்ளிப் பிள்ளையும் இவன் யாரென்று சொல்லிவிடும். 'போதிசத்துவ' என்ற சொல் அரபு மொழியிலே 'பூதாசாப்' எனத் திரிந்து, யோர்ஜிய மொழி வழியே கிரேக்கத்தை அடைந்து 'யோவாசாப்' ஆகி, இலத்தீனில் 'யோசபாத்' ஆயிற்று. பதினோராம் நூற்றாண்டிலே இலத்தீனுக்கு வந்த இச்சரிதம் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவியது. கோவையில் வாழ்ந்த போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகு தொ கூத்து பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புத்தர் கதைக்கும் யோசபாத் கதைக்கும் உள்ள ஒப்புமையைக் கண்டார். 1859, 1860 ஆம் ஆண்டுகளில் லபூலாயே, லீபிறெக்ட்டு என்னும் அறிஞர்கள் உறவை நிறுவினர்.

'பொய்' என்ற தீர்ப்பு இவ்விடத்திலே எத்துணை பயனற்றது என்பது தெளிவு. யோசபாத் என்ற கிறித்தவ அரசகுமாரன் வாழவில்லை என்று பொலாந்தியர் முறையிற் கூறிவிடலாம். ஆயின் மூப்பும் பிணியும் சாக்காடும் மனிதனை உலுக்குவன என்ற உண்மையை ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரிடமிருந்து பெற்று, தமக்குரியதாகவே போற்றினர் என்பது உண்மையான வரலாறு. மதங்களுக்கிடையே மதில் எழுப்புவோர் இதனை விரும்பார். பௌத்தத்தின் தூய்மை பேசுவோரும் கத்தோலிக்கத்தின் தனித்தன்மை பேசுவோரும் சைவத்தின் தொன்மை பேசுவோரும் இக்கதையின் முன் ஒருங்கே சங்கடப்படுவர். மதில் எழுப்பியோர் நூல்களை எழுதிக்கொண்டிருக்கையிலே கதைகள் மதில்களைத் தாண்டிச் சென்றுகொண்டிருந்தன. இலங்கையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் மத்தியில் வழங்கிய மூவிராசாக்கள் கதை, சிங்களக் கரையோரத்திலே 'ராஜ துன்கட்டுவ' என்னும் நாடகமாக வழங்கியது. சிங்கள நாடகம் எனப்படும் அக்கூத்துவடிவம் தமிழ்க் கூத்துக்கும் கத்தோலிக்கத் திருநாள் மேடைக்கும் பெரிதும் கடமைப்பட்டது. 1956 இல் சரச்சந்திரர் 'மனமே'யை ஆக்குவதற்கு அவ்வடிவத்தையே நாடினார். தேசிய நாடகம் என்று இன்று பெருமையுடன் சுட்டப்படுவதன் வேர்களுள் ஒன்று, புனிதர் திருநாளின் கொட்டகையிலே இருக்கிறது.

எனின், சொன்னவர் மக்கள் என்பதனால் எல்லாப் புனிதர் கதையும் ஏற்கத்தக்கனவோ என்று கேட்கலாம். இது புறந்தள்ள முடியாத வினா. 1475 இல் வட இத்தாலியின் திரெந்து நகரிலே சீமோன் என்ற சிறு குழந்தை இறந்து கிடந்தது. யூதர் தம் சடங்குக்காகக் கொன்றனர் என்ற பழி எழுந்தது. அந்நகர யூதர் சித்திரவதை செய்யப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். குழந்தை வேதசாட்சியாகப் போற்றப்பட்டது, அற்புதங்கள் கூறப்பட்டன, திருநாள் கொண்டாடப்பட்டது. சொன்னவர் மக்கள், நம்பியவர் மக்கள். ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளின் பின்னர், 1965 இலே, வரலாற்றாய்வின் விளைவாகத் திருச்சபை அவ்வழிபாட்டை ஒழித்தது. அவ்வாய்வு நிகழாதிருந்தால் அப்பழி இன்றும் பீடத்தில் இருந்திருக்கும்.

யாகப்பர் வழிபாட்டிலும் இத்தகைய நிழல் உண்டு. கலிலேயாவின் மீனவரான அப்போஸ்தலர், ஸ்பெயினிலே வெண்குதிரை ஏறி 'மூர்' என்னும் முஸ்லிம்களை வெட்டி வீழ்த்தும் போர்வீரராக மாற்றப்பட்டார். அவர் தோன்றியதாகக் கூறப்படும் 844 ஆம் ஆண்டின் கிளாவிகோப் போர் நடந்ததேயில்லை என்பது வரலாற்றாசிரியர் முடிவு. அப்புனிதரின் பெயர் போர்த்துக்கேயருடன் இலங்கைக்கு வந்தது. 'மூர்' என்ற பெயரும் அவர்களுடனேயே வந்தது. இந்நாட்டுச் சோனகர்மீது அவர்கள் சுமத்திய அப்பெயர் இன்றும் அரச ஆவணங்களில் வழங்குகிறது. போர்த்துக்கேயர் ஆட்சியிலே, 1647 இல், கிளாலி ஆலயத்தில் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் பாடிய 'சந்தியோகுமையோர் அம்மானை' ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்க இலக்கியத்தின் முன்னோடி நூல்களுள் ஒன்று. அந்நூலை ஆராய்வோர் அதன் யாப்பையும் சொல்லையும் மட்டும் பாராட்டி அமையலாகாது. ஐபீரியப் படையின் காவலர் ஈழத்து மக்களிடம் வந்தபோது யாராக மாறினார், யாராக மாறாதிருந்தார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

ஆகவே அளவுகோல் மாறவேண்டும். நிகழ்ந்ததா, நிகழவில்லையா என்பது தேவையான கேள்வி, அது முதற்படி. அதற்கு அடுத்த படியிலே, யாருக்காகச் சொல்லப்பட்டது, யாருக்கெதிராகச் சொல்லப்பட்டது என்று கேட்கவேண்டும். எஸ்தாக்கியார் கதை இழந்தோருக்காகச் சொல்லப்பட்டது. அது அயலவன் எவனையும் பகைவனாகக் காட்டித் தரவில்லை. திரெந்துக் குழந்தையின் கதை அயலவனைக் கொல்வதற்காகச் சொல்லப்பட்டது. இரண்டுக்கும் ஆவண மதிப்பு ஒன்றே, அதாவது இல்லை. மனித மதிப்போ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆவணத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர் இவ்விரண்டையும் ஒரே குப்பைக் கூடையில் இடுவர். மரபு என்பதற்காக யாவற்றையும் போற்றுவோர் இரண்டையும் ஒரே பீடத்தில் வைப்பர்.

இவ்வளவுகோல் மிகக் கடினமான சோதனைக்குட்படுவது மன்னாரிலேயாம். 1544 இல் மன்னார்த் தீவிலே புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற மக்கள் அறுநூறு தொடக்கம் எழுநூறு பேர், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அவர்கள் கடற்கரையில் வாழ்ந்த எளியோர். தம் பெயரை எழுதி வைக்கும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை. அயலிலே, முத்துக்குளித்துறையில், அக்காலத்தே சமயம் பரப்பிய பிரான்சிஸ் சவேரியார் 1622 இல் புனிதராக்கப்பட்டார். சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்று உயிரை விட்டவர்கள் இன்றுவரை அந்நிலையை அடையவில்லை. பெயரும் ஆவணமும் இல்லாமையே தடை எனின், இத்தாலியின் ஒற்றாந்தோ நகரை நோக்குக. 1480 இல் துருக்கியர் படையாற் கொல்லப்பட்ட 813 பேரை 2013 மே 12 இல் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக்கினார். அவர்களுள் அந்தோனியோ பிறிமால்தோ என்ற ஒருவரின் பெயரே தனித்துச் சுட்டப்பட்டது. ஏனையோர் அவருடைய 'தோழர்' என்றே குறிக்கப்பட்டனர். பெயரற்றோர் ஒற்றாந்தோவிலே புனிதராகலாம், மன்னாரிலே ஆகலாகாது என்பதற்கு என்ன நியாயம்?

ஆயின் இக்கோரிக்கையை முன்வைப்போர் இரண்டாம் கேள்வியிலிருந்தும் தப்பமுடியாது. இப்படுகொலைக்குத் தண்டனையாக யாழ்ப்பாணத்தின்மீது படையெடுக்க வேண்டும் என்று சவேரியாரே போர்த்துக்கேய ஆளுநரை வேண்டினார். 1560 இல் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா படையெடுத்துவந்து மன்னாரைக் கைப்பற்றினான். இறந்த ஏழைகளின் குருதி, முத்துக்குளிக்கும் கடலையும் வணிகப் பாதையையும் விரும்பிய பேரரசுக்கு நியாயம் வழங்கப் பயன்பட்டது. மறுபுறத்தே, சங்கிலியை அந்நியரை எதிர்த்த வீரனாக மட்டும் போற்றுவோர் அறுநூறு பிணங்களைக் கண்டுங் காணாது கடந்துசெல்வர். கத்தோலிக்கர் சைவரைக் குற்றஞ்சாட்டுவதற்கும், சைவர் கத்தோலிக்கரை அந்நியரின் கையாள் என்பதற்கும் இச்சம்பவம் பயன்படுமாயின், அது மன்னாரின் எளியோர் இரண்டாம் முறை கொல்லப்படுவதாகும். மன்னனின் வாளுக்கும் பேரரசின் பேராசைக்கும் இடையிலே அகப்பட்டு, தாம் தெரிந்துகொண்ட நம்பிக்கையை விடாது மடிந்த மக்கள் என்று அவர்களை நினைவுகூர்வதே நேர்மையான நினைவாகும். அந்நினைவை உரோமை அங்கீகரிக்கலாம், அங்கீகரிக்காதும் விடலாம். அதனைச் சரியாகச் சொல்லும் கடமை இங்குள்ளோருக்கே உரியது.

மக்கள் முந்துவதும் உரோமை பிந்துவதும் புதியதன்று. திருவிதாங்கூர் அரசிலே பணியாற்றிய நீலகண்டன், 1745 இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றான். குளச்சற் போரிற் சிறைப்பட்டு மார்த்தாண்டவர்மனின் படையிற் சேர்ந்த தெலன்னோய் என்ற ஒல்லாந்துத் தளபதியே, உடைமை இழந்து வருந்திய அவனுக்கு யோபுவின் கதையைக் கூறினான் என்பது வரலாறு. அத்தளபதியின் முதற் பெயர் எஸ்தாக்கியு என்பது சுவையான ஒற்றுமை. தேவசகாயம் 1752 சனவரி 14 இல் காற்றாடிமலையிலே சுடப்பட்டார். 2012 இல் முத்திப்பேறு பெற்றவராகவும் 2022 மே 15 இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இதற்கு நெடுநாள் முன்னரே யாழ்ப்பாணத்துக் கரையூர்களிலே தேவசகாயம்பிள்ளை கூத்துப் பாடப்பட்டது. புனிதராக்கும் அறிவிப்பின்போது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் ஆட்சேபங்களின் பின்னர் நீக்கப்பட்டது. சாதி வேறுபாடு கருதாது எல்லாரோடும் பழகியவராகப் போற்றப்படும் ஒருவரின் பெயரிலே சாதிப்பட்டம் நிலைத்திருந்தது முரண்பாடே. இங்கு மக்கள் மரபையும் விமர்சனத்துக்குள்ளாக்குதல் வேண்டும். கூத்து அவரைப் புனிதராக்கியது. அதே கூத்து அவர்தம் சாதிப்பட்டத்தையும் தலைப்பிலே சுமந்தது. திருநாள்களிலே சொரூபக் கூட்டைத் தூக்கும் உரிமையும், உபயம் செய்யும் உரிமையும், மேடையில் அரச வேடம் புனையும் உரிமையும் யார் யாருக்கு எனக் கேட்கப்படும் இடங்களிலெல்லாம் இம்முரண்பாடு உயிருடன் இருக்கிறது. மக்கள் ஆக்கம் என்பது மாசற்ற ஆக்கம் என்று பொருளாகாது. ஆனால் மாசு எதுவென அறிவதற்கும் முதலில் அவ்வாக்கம் கற்கப்படல் வேண்டும்.

அக்கல்வி எங்கே நடைபெறுகிறது? கத்தோலிக்கத் தமிழிலக்கியம் என்றதும் பாடத்திட்டங்கள் வீரமாமுனிவரின் தேம்பாவணியைச் சுட்டும். 3615 விருத்தங்களால் சூசையப்பரைப் பாடிய அக்காவியம் சிறந்ததே; அது புலவர்க்கென இயற்றப்பட்ட காவியம். கற்றவர் எழுதிய புனிதர் சரிதம் இலக்கியமாகவும், கல்லாதவர் பாடிய புனிதர் சரிதம் மூடநம்பிக்கையாகவும் கொள்ளப்படுவது எந்த அளவுகோலால்? பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களிலே மூவிராசாக்கள் வாசகப்பா, ஞானசவுந்தரி நாடகம் முதலியவற்றைப் பதிப்பித்தபோது ஒரு பாதை திறக்கப்பட்டது. அப்பாதையிலே பின்வந்தோர் கூத்தின் ஆட்டத்தையும் தாளத்தையும் வடமோடி, தென்மோடி வேறுபாட்டையும் ஆராய்ந்தனர். கதை யாருடையது, எங்கிருந்து வந்தது, எவ்விடத்திலே மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என்பன போதிய அளவு ஆராயப்படவில்லை. இதற்கிடையே அண்ணாவிமார் பலர் மறைந்தனர். போர்க்காலத்து இடப்பெயர்வுகளிலே வீட்டுக் கூரைகளோடு ஏடுகளும் கொப்பிகளும் அழிந்தன. ஆதாரமில்லை என்று கூறிப் புனிதரை ஒதுக்கியவர்கள், மக்களைப் பற்றிய ஆதாரம் கண்முன்னே அழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

செய்யவேண்டியது அரிதன்று. ஆலய அறைகளிலும் அண்ணாவிமார் குடும்பங்களிடமும் எஞ்சியுள்ள பிரதிகள் திரட்டப்படவேண்டும். ஒரே புனிதரின் கதை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிலாபம், நீர்கொழும்புக் கரைகளிலும் எவ்வாறு வேறுபடுகின்றது என ஒப்பிடப்படவேண்டும். இலத்தீன் மூலத்துக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் இடையே சேர்ந்தது எது, விடுபட்டது எது எனக் கணக்கிடப்படவேண்டும். அக்கணக்கிலேதான் பாடியவரின் முகம் தெரியும். இதற்குக் கத்தோலிக்கராய் இருத்தல் தேவையன்று. சமய நம்பிக்கையே தேவையன்று. மனிதர் எதற்கு அஞ்சினர், எதனை விரும்பினர் என்று அறியும் ஆவல் இருந்தாற் போதும். பல்கலைக்கழகம் அவ்வாவலுக்காகவே உள்ளது.

உரோமை தன் காட்டியைத் திருத்தும் உரிமையுடையது. யாரைப் பீடத்தில் வைப்பது என்பது அதன் விவகாரம். ஆயின் ஒரு மக்கட் கூட்டம் தன் துயரத்தைச் சொல்லப் பல தலைமுறையாகப் பயன்படுத்திய கதையை, ஆண்டும் திகதியும் ஒத்துவரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பொய்யென்று ஒதுக்கும் உரிமை எந்த அறிஞருக்கும் இல்லை. எஸ்தாக்கியார் நடு ஆற்றில் நின்றாரோ என்னவோ, அவர் கதையை ஆடிய மக்கள் நின்றிருக்கின்றனர்.